ஐந்து நாள் ‘குறையில்லை’

“நல்லா கேக்குதா அத்தை?”

“கேக்குதும்மா.”

ஐந்து நாளாக இதே கேள்வி, இதே பதில். மருமகள் படிவத்தில் ‘குறையில்லை’ என்று எழுதினாள்.

காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனியில் அவள் புரோகிராமர். பழைய கருவியில் எதிராளி வாயை மூடிய பிறகுதான் பேச்சு வந்து சேரும். உள்ளே சி மொழியில் இருந்த நிரல், ஒலியை ஒவ்வொரு பைட்டாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதை எட்டெட்டு பைட்டாக எடுக்கும்படி மாற்றி எழுதினாள்; தாமதம் போயே போய்விட்டது. சோதனைக் கருவி ஒன்று மாமியாரின் காதில் இருந்தது. இன்று மதியம் மருமகள் சரி என்றால், புது நிரல் இருநூறு பேரின் கருவிகளுக்குப் போய்விடும்.

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தான்.

“அம்மா! சாப்டாச்சா? மாத்திரை?”

“என்ன, தந்தி அடிக்கறீங்களா? அத்தைக்கு இப்போ காது கேக்குது. மனுஷன் மாதிரி பேசுங்க.”

அவன் சிரித்தபடி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீஸ் லிஃப்ட் நடுவில் நின்றுபோன கதையை மூச்சுவிடாமல் சொன்னான். “கதவு திறந்தா உள்ள யாரு இருந்தா, சொல்லு?”

“ஆமாம்ப்பா,” என்றாள் அம்மா, புன்னகையோடு.

அவன் முகம் வாடியது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“அத்தை, உண்மையைச் சொல்லுங்க.”

மாமியார் புடவைத் தலைப்பைத் திருகினாள். “நீளமா பேசினா நடுவுல ஒரு துண்டு மாட்டிக்குது. லிஃப்ட்டு லிஃப்ட்டு லிஃப்ட்டுனு அதுவே ஓடுது.”

“ஏன் சொல்லல?”

“ராப்பகலா உக்காந்து எழுதின. உன் பேரு கெடணுமா? அதோட, இந்த வீட்ல எங்கிட்ட யாரு நீளமா பேசறாங்க?”

மருமகளுக்குச் சுருக்கென்றது. சோதனைக்கு அவள் பதிவு செய்திருந்த பேச்சும் அப்படித்தான். சாப்டாச்சா, மாத்திரை, வரேன். எல்லாம் ஒற்றைச் சொல்.

பேச்சு நீண்டால் கருவியின் நினைவகம் நிறையும். இடம் பண்ண, உள்ளே இருப்பது மொத்தமும் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். சோபாவில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் ஓர் இடம் தள்ளி உட்காருவது போலத்தான். கடைசி ஆள் முதலில் எழ வேண்டும். அவள் முதல் ஆளை முதலில் நகர்த்தியிருந்தாள். அவர் பக்கத்து ஆளின் மடியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் நகர்த்தாத ஒலியின் மேல், நகர்த்திய ஒலியே திரும்பத் திரும்ப விழுந்தது.

மேனேஜருக்குப் போன் செய்தாள். “சார், அனுப்பாதீங்க.”

“குறையே இல்லன்னு நீதானேம்மா எழுதின?”

“தப்பு என்னோடதுதான் சார்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “நாளைக்குள்ள முடி.”

பழைய இடமும் புது இடமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால், கடைசியிலிருந்து எடுக்க வேண்டும், அப்போதும் எட்டெட்டாகவே. நாலைந்து வரிதான்; எழுதி, மாமியாரின் கருவியில் ஏற்றினாள். வேகம் குறையவில்லை.

மாலை கணவன் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “லிஃப்ட் கதை. முதல்லேருந்து.”

“மறுபடியுமா?”

“மறுபடியும்தான். ஒரு வரி விடக்கூடாது.”

அவன் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். பாதியில் பழைய சுருதி வந்துவிட்டது. “கதவு திறந்தா உள்ள யாரு இருந்தா, சொல்லு?”

“லிஃப்ட் ரிப்பேர்காரன்,” என்றாள் அம்மா.

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“இதுக்கா காலையில மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போன? சரி, அப்புறம் என்னாச்சு? சொல்லு.”

மருமகள் படிவத்தை மடித்து வைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தாள்.