கேப்டனின் வாயுவைத் தின்றது யார்

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கோலாலம்பூரில் ஒரு மண் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்த கேப்டன் ஹிராயாமா, தன் காரைச் சேற்றுவாயுவில் ஓட்டிக் காட்டுவதாகச் சபதம் போட்டார். பூச்சோங் சதுப்பிலிருந்து லோரியில் சேறு வந்தது. பின்கட்டில் தொட்டி கட்டி, அதில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்தார்கள். வாயு சேரச் சேரப் பீப்பாய் மேலே எழும்ப வேண்டும். எழும்பவே இல்லை.

காரணம் மகதலேனாவுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பத்துப் பெண். அங்கே ஆய்வு உதவியாளர். பின்சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஜெய்னுதீனுக்கு, பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் இழுத்துவிட்டவளே அவள்தான். அவர் அந்த வாயுவில் மரவள்ளிக்கிழங்கு அவிப்பார். அவள் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும்.

ஒருநாள் ஹிராயாமா எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, திருடன் யார் என்று கேட்டார். கை வாள்பிடியில் இருந்தது. மகதலேனாவின் கண்ணில் தொட்டித் தண்ணீர்மேல் பாலாடைபோல் படர்ந்திருந்த இளஞ்சிவப்பு ஆடைதான் பட்டது.

"கிருமி, கேப்டன். அதுதான் தின்னுது."

அறை விழும் என்று நினைத்தாள். ஆனால் படையில் சேருமுன் கிருமியியல் படித்தவர் அவர். ஆடையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு நுண்ணோக்கியிடம் ஓடினார். திரும்பியபோது முகம் மலர்ந்திருந்தது. சேற்றுவாயுவையே உண்டு வாழும் மெத்தனோமோனாஸ் என்று ஒரு பேரினம் உண்டாம். தான் படித்த நூலில் அதில் ஒரே இனம்தானாம். இது இரண்டாவதாக இருந்தால் தன் பெயரையே வைக்கலாமாம். கிருமிகளை உருவத்தை வைத்துப் பிரிப்பதா, உணவை வைத்தா என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"எங்க ஆளுங்க சாப்பாட்டை வெச்சுத்தான் ஜாதி சொல்வாங்க, கேப்டன்," என்றாள் மகதலேனா. அவர் பயபக்தியோடு தலையசைத்தார்.

காரை மறந்தார். கிருமிக்குத் தீனி போட இன்னும் சேறு கொண்டுவரச் சொன்னார். சுவருக்கு அப்பால் ஜெய்னுதீன் கஞ்சியும் காய்ச்ச ஆரம்பித்தார்.

பிறகுதான் வினை வந்தது. வாயுவும் காற்றும் நிரப்பிய புட்டியில் அந்த ஆடையைப் போட்டு, தண்ணீரில் கவிழ்த்து வைத்தார் கேப்டன். கிருமி தின்று வாயு குறைந்தால் தண்ணீர் உள்ளே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மகதலேனாவின் பொய் அம்பலமாகிவிடும். பயந்துபோன அவள், அவர் வருமுன் கொஞ்சம் வாயுவைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடப் போனாள். கை வைக்குமுன்பே தண்ணீர் பாதிப் புட்டிக்கு ஏறியிருந்தது.  வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சுவரோரம் போய் விஷயத்தைச் சொன்னாள். "நாம பொய் சொல்லல, பாய். நெசமாவே தின்னுது."

ஜெய்னுதீனுக்கு அது பிடிக்கவில்லை. அடுப்புச் சுடரைக் குனிந்து பார்த்தார்.

"அதான் ரெண்டு நாளா தீ மந்தமா எரியுது. கொஞ்சமா திங்கச் சொல்லு லா."