ஊருக்கு ஒரு வண்டி

பரளச்சியில் மாட்டுக்கு டாக்டர் வேண்டுமென்றால் பால் சொசைட்டிக்குப் போன் போட வேண்டும். எடுத்துப் பேசுவது ஏஐ. ஆரம்பத்தில் மாடு தும்மியது என்றால்கூட அது வண்டியைக் கிளப்பிவிட்டது. டாக்டர் அலைந்து ஓய்ந்தார். அதனால் ஒரு ஊருக்கு நாளைக்கு ஒருமுறைதான் அது வண்டி அனுப்பலாம் என்று கட்டிப்போட்டார்கள். வேண்டாமென்று திருப்பிவிட்டாலும் அன்றைய முறை போனது போனதுதான்.

தங்கலட்சுமிக்கு இது தெரியும்.

பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள், பால் ஊற்றுமிடத்தில் எல்லோர் முன்னாலும், "இந்த அக்கா பாலுல பாதி தண்ணி" என்று சொல்லியிருந்தாள். சொன்னது நிஜம். அதனாலேயே தங்கலட்சுமிக்கு ஆறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தனம்மாளின் சினைமாடு தொழுவில் முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த தங்கலட்சுமி உள்ளே போய்ப் போன் போட்டு, தன் மாடு தீவனம் எடுக்கவில்லை என்றாள். வண்டி கிளம்பியதும் மறுபடி கூப்பிட்டு, "சரியாயிருச்சு, வேணாம்" என்றாள்.

சற்றைக்கெல்லாம் சந்தனம்மாளின் குரல் கேட்டது. "காலு தெரியுது, தல வரல. டாக்டர அனுப்பு சாமி!"

பரளச்சிக்கு இன்றைய முறை முடிந்துவிட்டது, ஆபீஸில் அனுமதி கேட்டிருக்கிறேன் என்றது ஏஐ. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யார் இருப்பார்கள்?

சந்தனம்மாள் ஓடிவந்தாள். "யக்கா, ஒங்க போனுல ஒருக்கா கேட்டுப் பாருங்க. வீட்டுல அவுகளும் இல்ல."

"சார்ஜ் இல்லடி."

சொல்லி வாய் மூடுவதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. சந்தனம்மாள் வெடுக்கென்று பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"தங்கலட்சுமி அம்மா, காலையில் வண்டியைக் கூப்பிட்டு வேண்டாம் என்றீர்களே, மாடு இப்போது எப்படி இருக்கிறது?" என்றது ஏஐ.

தங்கலட்சுமியின் மாடு அசைபோட்டு நிற்பதைச் சந்தனம்மாள் பார்த்தாள். போனைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள்.

தெரு ஆட்கள் கன்றின் காலில் கயிறு கட்டி இழுத்தார்கள். மாடு அலறியது. முதலில் தங்கலட்சுமிக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் இருந்தது. அலறல் ஓயாமல் நீண்டபோது காதைப் பொத்திக்கொண்டாள். கன்று செத்தே வந்தது. உச்சிப்பொழுதில் தாயும் போய்விட்டது.

சாயங்காலம் செத்த மாட்டையும் கன்றையும் டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, குளித்த ஈரத்தலையோடு சந்தனம்மாள் வந்தாள்.

"நான் வேணும்னு செய்யல..." என்று ஆரம்பித்தாள் தங்கலட்சுமி.

"ஒங்க மாடும் சினதானக்கா?" சொந்தக்காரி நலம் விசாரிப்பதுபோலக் கேட்டாள். "எத்தன மாசம்?"

"ஏழு."

"பாத்துக்கங்க."

அவள் போனதும் தங்கலட்சுமி மாட்டை அவிழ்த்து, வாசப்படி இடிக்க இடிக்க வீட்டுக்குள் இழுத்து, கட்டில் காலில் கட்டினாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று கத்தினார் புருஷன்.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.