கரிக்கோடு

சுந்தரம்மாள் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டது ஆனி மாதம். ஊர்ப் பெண்கள் சங்கத் தலைவி ரத்தினம்மாள் அன்றே விரிசலின் நுனியில் அரிவாள் முனையால் குறுக்கே கீறி, அடுப்புக்கரியை அழுத்தித் தேய்த்து, பக்கத்தில் தேதியும் போட்டாள். விரிசல் மேலே ஏறிய வாரமெல்லாம் ஒரு கோடு. புரட்டாசிக்குள் ஒன்பது கோடுகள் ஆகிவிட்டன.

வீட்டைக் கட்டியது மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த ஒரு டிரஸ்ட். ஊர்ப் பெண்கள் சங்கத்தோடு கைகோத்துக் கட்டுகிறோம் என்று பேர். சரிவு நிலம், அஸ்திவாரக் கடைக்கால் இடுப்பளவாவது போகணும் என்று பெண்கள் சொன்னபோது மேஸ்திரி சிரித்துவிட்டு முழங்கால் ஆழத்தில் நிறுத்தினான். கைகோப்பது என்றால் கல் சுமப்பது என்று அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆறு வீடு முடிந்திருந்தது. பாக்கி பதினொன்று. டிரஸ்டும் சங்கமும் ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று சென்னையிலிருந்து சான்று கிடைத்தால்தான் அதற்குப் பணம் வரும். பட்டியலில் ஒன்பதாவது பெயர் காவியா, ரத்தினம்மாளின் மகள். புருஷன் விட்டுப்போன பிறகு இரண்டு குழந்தைகளோடு ஒழுகுகிற கூரைக்குள் கிடக்கிறாள்.

டிரஸ்ட் ஆள் ஜீவானந்தத்திடம் ரத்தினம்மாள் விரிசலைப் பற்றி இரண்டு முறை போனில் சொல்லியிருந்தாள்.

"சான்று குடுக்க மேடம் வர்றாங்க தலைவியம்மா. அவங்க கிட்ட காட்டுங்க. அவங்க எழுதினாதான் ரிப்பேருக்கு ஆர்டர் வரும்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "எழுதினா சான்று தள்ளிப்போகும். அதையும் சொல்லிட்றேன்" என்றான்.

காட்டுவது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் ஊருக்கு விருந்தாளி வருகிறார் என்றால் அந்த மலையில் முதல் வேலை சுவர் பூசுவது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மேடம் வரும் நாள் காலை அவள் போனபோது சுந்தரம்மாளின் சுவர் முழுக்கச் செம்மண் பூசி வழவழவென்று நின்றது. புருஷன் குப்பன் மண் குழைத்துக் கொடுத்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு கூடைச் செம்மண்ணில் ஒரு சாவையே மறைக்கலாம்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? கோடெல்லாம் எங்க?"

"பெரிய மனுஷி வர்ற நேரத்துல கிறுக்கின சுவத்தையா காட்டுவாங்க? போக்கா."

ஜீப் வந்தது. இறங்கிய அம்மாவின் பேர் தேவயானி, நல்ல மாதிரிதான். சுவரைத் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்தாள். "சொந்தமா நினைச்சாதான் இப்படிப் பராமரிப்பாங்க" என்று ஜீவானந்தத்திடம் சொல்லித் தாளில் குறித்துக்கொண்டாள்.

ரத்தினம்மாள் மடியிலிருந்த அரிவாளைத் தொட்டாள். நாலு விரல் அகலம் சுரண்டினால் போதும். சுந்தரம்மாள் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தவங்க முன்னாடி என் வூட்டக் கொற சொல்லாதக்கா. மானம் போய்டும்."

சுற்றிலும் பதினொரு குடும்பமும் நின்றது. காவியா இடுப்புக் குழந்தையோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறை ஏதாவது இருக்காம்மா? தைரியமா சொல்லுங்க" என்றாள் தேவயானி.

"ஒண்ணும் இல்லீங்க."

பிடித்த கையை உதறத் தெரியாதவள் அல்ல ரத்தினம்மாள். உதற மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதே கையால் தேவயானி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள்.

சான்று இருபது நாளில் வந்தது. ஐப்பசி மழை அதற்கு மறுவாரம் பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் சுந்தரம்மாள் உள்ளே உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தபோது சுவர் சரிந்தது. கற்களைப் புரட்டி வெளியே எடுக்கையில் முறம் அவள் மடியிலேயே இருந்தது. உயிர் இல்லை.

மழை விட்டதும் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். செம்மண் கரைந்து ஓடியிருந்தது. மேலே கிடந்த சுவர்த்துண்டில் கரிக்கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

"யார் போட்டது இது?"

குப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "மண்ணு கொழச்சது நானுங்க" என்று அழுதான். அவனை யாரும் கேட்கவே இல்லை.

"கோடு போட்டது நானுங்க. குறை இல்லேன்னு கையெழுத்து போட்டதும் நான்தான்" என்றாள் ரத்தினம்மாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை என்று அவளுக்கே தோன்றியது.

அதிகாரி எழுதிக்கொண்டு ஜீப் ஏறினார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. காவியா வீட்டுக்கு மழைக்கு முன்பே கடைக்கால் தோண்டியிருந்தார்கள். குழி நிறையச் சிவந்த தண்ணீர். சேலையைத் தூக்கிப் பிடித்து உள்ளே இறங்கி, அடிமண்ணில் கால் ஊன்றி நின்றாள்.

தண்ணீர் முழங்கால் வரைதான் வந்தது.