மாதாவுக்கு அபிஷேகம்

வோபர்ன் அடுக்குமாடியில் சீமோன் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. அவர் தன் மாதா சுருவத்தைத் துவாயில் சுற்றி, எதிர்வீட்டு யோகராணியிடம் கொண்டுவந்தார்.

"அக்கா, சண்டை நேரம் தடுப்பு முகாமில இருக்கேக்க நான் செதுக்கினது. நாளைக்குச் சேர்ச்சில கண்காட்சிக்கு வைக்கோணும். கவனம்."

"என்ர பிள்ளை மாதிரிப் பாப்பன். நீங்கள் போங்கோ."

ஒரு சாண் உயரச் சிலை, பழுப்பு நிறம். சந்தனக் கட்டையாக்கும் என்று யோகராணி நினைத்தாள். வெள்ளிக்கிழமை பார்த்து வீடு தேடி வந்த தாயைச் சும்மா வைப்பதா? தலைமுழுகி வந்து, தாம்பாளத்தில் இருத்திப் பால் வார்த்தாள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர். பக்தி மேலிட்டு விரலால் நன்றாகத் தேய்த்தும் விட்டாள்.

"இஞ்சாரும், மாதா நுரைக்கிறா!" என்று கத்தினார் பின்னால் நின்ற கணவர் இராஜரட்ணம்.

"பாலாயிருக்கும்."

"பால் இல்லையப்பா, உது சவுக்காரம்!"

பதறித் துடைத்துப் பார்த்தாள். பழுப்பெல்லாம் தாம்பாளத்தில் ஓடியிருந்தது. மாதாவுக்கு மூக்கைக் காணவில்லை.

"ஐயோ, நாளைக்கு அந்த மனுசன் எதைக் கொண்டுபோய் வைக்கும்?"

"தடுப்பு முகாமிலயிருந்து தப்பி வந்தவ, உம்மட்டத் தப்பேல்லை."

பின்னேரம் சீமோன் வந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, யோகராணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் சுருவத்தைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து நிமிர்ந்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வாசம் திரும்ப வந்திட்டுது! முகாமில மாசத்துக்கு ஒரு சவுக்காரக் கட்டிதான் தாறவங்கள். எங்கட கொட்டிலில ஆளுக்கொரு துண்டு வெட்டித் தந்தவை. பாதிப்பேர் உங்கட சைவக்காரர். சேர்த்துப் பிசைஞ்சு செதுக்கி, தேத்தண்ணிச் சாயம் பூசினனான். மிச்சம் உடுப்புத் தோய்க்கவே போச்சு; அந்த மாசம் ஒருத்தரும் சவுக்காரம் போட்டுக் குளிக்கேல்லை. பக்கத்துக் கொட்டில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கும்பிட வந்தவை!"

"இப்ப மாதாவின்ர மூக்கு?"

"நீங்களும் ஒரு துண்டு தாங்கோவன்."

குளியலறையில் இருந்த சந்தனச் சவுக்காரத்தை முழுதாகவே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் யோகராணி.

மறுநாள் சேர்ச் மண்டபத்தில் சுருவத்தைச் சுற்றிக் கூட்டம்.

"அதென்ன, மூக்கு மட்டும் மஞ்சளாயிருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

சீமோன் வாய் திறக்கும் முன், பட்டுச்சேலை சரசரக்க முன்னே வந்தாள் யோகராணி.

"அது நான் தந்தது!"