எண்ணாமல் விட்ட கருவி

மச்சானும் நானும் லிஃப்ட் மெக்கானிக்குகள். இருவர் பையிலும் வேறு வேறு கம்பெனியின் மடக்குக் கத்தி இருக்கும். அவருடையதில் பதினான்கு கருவிகள், என்னுடையதில் பதினொன்று.

"உங்களுது பல்லு குத்தத்தான் லாயக்கு மாப்பிள்ளை" என்பார்.

அன்று அவர் மகளின் குதிகாலில் கண்ணாடிச் சில் ஏறிவிட்டது. அவர் கத்தியிலிருந்த தடித்த குறட்டுக்கு அது அகப்படவில்லை. குழந்தை துடித்தாள். என் கத்தியை எடுத்தேன். எட்டு வருடமாக அலங்காரம் என்று நான் நினைத்திருந்த, பிடியின் ஓரத்திலிருந்த சாம்பல் நிறப் பொட்டு நகத்தில் தட்டியது. இழுத்தேன். மெல்லிய இடுக்கி ஒன்று வெளியே வந்தது.

சில் வந்துவிட்டது. அழுகை நின்றது. மச்சான் இடுக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு மாப்பிள்ளை," என்றார் மெதுவாக.