மூன்றாவது குத்து

"பயிற்சியில ஒரு பிள்ளை சொன்ன பேச்சைக் கேக்கலைன்னா கோச் முதல்ல என்ன செய்யணும்?" என்று டீச்சர் கேட்டபோது, கடைசி வரிசையிலிருந்து ஜாக்கி சட்டென்று சொன்னாள்: "செவுள்ல ஒண்ணு விடணும்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று ஜாக்கியும் சிரித்து வைத்தாள். ஆனால் அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் வளர்ந்த கூடத்தில் அதுதான் நடைமுறை. ஒரு பிள்ளையை வேறு விதமாகவும் திருத்தலாம் என்பது, பிழைப்புக்கு வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படிப்பில் வந்து சேர்கிறவரை அவள் காதில் விழாத சங்கதி.

ஜாக்கி என்பது டயர் கடையில் வைத்த பேர். ஒருநாள் வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கி நழுவி வேன் இறங்கி, கூட வேலை பார்த்தவனின் பாதம் அடியில் மாட்டிக்கொண்டது. இவள் ஓடிப்போய் வண்டியின் மூலையைப் பிடித்து ஒரு மூச்சு தூக்கிக் கொடுத்தாள். காலை உருவிக்கொண்டவன் "அம்மா" என்று கத்தவில்லை, "இவதான்டா ஜாக்கி!" என்று கத்தினான். அன்றிலிருந்து கடை முதலாளிகூட சம்பளம் கொடுக்கும்போது அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

பகல் முழுக்க டயரை நெம்பும் லிவரும் ஸ்பானரும். சில மாலைகளிலும் சனிக்கிழமையிலும் பயிற்சியாளர் படிப்பு. எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது, முட்டி வலிக்காரருக்கு எது ஆகாது, மயங்கி விழுந்தவரை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று எல்லாவற்றையும் நகக்கண்ணில் அப்பிய கிரீஸோடு படித்தாள். டயர் கடை வேலைக்கு முதுகு எத்தனை காலம் தாங்கும் என்ற கவலை ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் ஒரு வெறி. அடிக்காமல் சொல்லிக்கொடுத்தால் மனுஷப்பிள்ளை கற்றுக்கொள்ளுமா கொள்ளாதா என்று பார்த்துவிட வேண்டும்.

அவளுடைய அப்பா குத்துச்சண்டை மாஸ்டர். மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால், வார்னிஷ் நாற்றம் போகாத ஒரு நீளக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கூடத்துக்குள் பெற்ற பிள்ளைகளும் அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட வேண்டும். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதிவைத்திருந்தார். எழுதிவைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மரப்பிடி போட்ட ஸ்கிப்பிங் கயிற்றை இரண்டாக மடித்து, தினமும் அதற்கு உரையும் எழுதினார்.

ஒரு போட்டியில் தோற்று வந்த அண்ணனை, மண்டப வாசலில் எல்லாரும் பார்க்க அவர் விட்ட ஒரே அறையில் இடக்காதுச் சவ்வு கிழிந்தது. காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்க, அண்ணன் "சாரி மாஸ்டர்" என்றான். ஜாக்கிக்கு இரண்டு பல் போனது. அம்மா இருந்தவரை குறுக்கே வந்து விழுந்து தன் முதுகில் வாங்கிக்கொள்வாள். அவளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஜாக்கி வெளியே வந்தவள்தான். டயர் கடைக்கு மேலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டாள்.

அண்ணன் இப்போது பார்சல் வேன் ஓட்டினான். அண்ணி ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்தில் வேலை. அவர்களுக்கு ஒரே மகள், வாண்டு. வாயாடி. அண்ணிக்கு வேலை நேரம் மாறியதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைத் தாத்தாவின் கூடத்தில் பயிற்சிக்கு விட்டுவிட்டு வந்தார்கள்.

"பேத்தி மேல கை வைக்க மாட்டார். வயசாச்சு, மாறிட்டார்," என்றான் அண்ணன். ஜாக்கியும் நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி வேலைக்குப் போயிருந்தபோது அண்ணன் வீட்டில், செய்முறைத் தேர்வுக்குப் பழகிக்கொள்ள வாண்டுவைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ விளையாடறப்போ விழுந்துட்டே. நான் கோச். எங்கே வலிக்குதுன்னு சொல்லணும், சரியா?"

"எல்லா இடமும் வலிக்குது. ஐஸ்கிரீம் குடுத்தா சரியாயிடும்," என்றது வாண்டு.

ஜாக்கி சிரித்துக்கொண்டே, நெற்றியைப் பார்ப்பதற்காகக் கையை உயர்த்தினாள். அவ்வளவுதான். பிள்ளை இரண்டு முழங்கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய் முகத்தை மறைத்துக்கொண்டு சுருண்டது. பாவாடை விலகியதில் தொடையின் பின்பக்கம் தெரிந்தது. கயிற்றின் முறுக்குகூடப் பதிந்திருந்த அடித்தடங்கள். பழையது மஞ்சள், புதியது கருநீலம்.

"யாருகிட்டயும் சொல்லாதே அத்தை. சொன்னா தாத்தா அப்பாவோட இன்னொரு காதையும் எடுத்துடுவாராம்."

ஜாக்கி எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினாள். தட்டு விழுந்து உடைந்தது.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அண்ணன் உடைந்த தட்டைப் பார்த்தான். காது கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அவள் நல்ல காதுப் பக்கம்தான் நின்றிருந்தாள்.

"அவர் கை அப்படிடி. நமக்குத் தெரியாதா? தாங்கிக்கலையா நாம?"

"தாங்கினோமா? உன்னையும் என்னையும் பார்த்துச் சொல்லு, தாங்கினோமா?"

இனி பிள்ளையை அங்கே அனுப்புவதில்லை, தானே அப்பாவிடம் பேசிவிடுவதாக அண்ணன் சத்தியம் செய்தான்.

மறுநாள் மாலை, ஒரு காரின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவளுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணிக்குப் போன் போட்டாள்.

"வாண்டு எங்கே அண்ணி?"

"எங்கே இருப்பா? மாமாகிட்டதான். உங்க அண்ணன் கொண்டுபோய் விட்டாரே. ஏன்?"

அண்ணியிடம் அவன் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசத் துணிவில்லாமல், வழக்கம்போல வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஜாக்கி ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஏய், மூணு சக்கரத்துல நிக்குதுடி வண்டி!" என்று முதலாளி பின்னால் கத்திக்கொண்டிருந்தார்.

கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக மூச்சுகூட விடாமல் நின்றிருந்தார்கள். வாண்டு சுவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. கை நடுங்கித் தாழ்ந்தது. கயிறு சுழன்று தொடையில் விழுந்தது. பிள்ளை அழவில்லை, கையை மறுபடி உயர்த்தியது.

"போதும் மாஸ்டர்."

அவர் திரும்பினார். தலை நரைத்திருந்தது, தோள் மட்டும் நரைக்கவில்லை.

"யாரு, டயர்காரியா? என்னமோ படிக்கிறியாமே. எனக்குப் பாடம் நடத்த வந்தியோ?"

"கயித்தைக் கீழே போடுங்க. வாண்டு, பையை எடு, போலாம்."

வாண்டு அசையவில்லை. போகலாமா என்று மாஸ்டரின் முகத்தைப் பார்த்தது. ஜாக்கி பிள்ளையை நோக்கி ஓர் எட்டு வைத்தாள்.

மாஸ்டரின் இடக்கை வந்ததே தெரியவில்லை. விலா எலும்புக்குக் கீழே, ஈரலில் இறங்கியது. உடம்பிலிருந்த காற்றெல்லாம் போய் ஜாக்கி மண்டியிட்டாள். வாயில் பித்தம் கசந்தது. அடுத்து மரப்பிடி வந்து புருவத்தில் வெடித்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. முதுகில் கயிறு விழுந்தது, ஒன்று, இன்னொன்று.

"எந்திரி! எந்திரிச்சு நில்லு! இதுதான் நீ படிச்சதா?"

அடுத்த அடி வந்தபோது அவள் முன்கையைக் கொடுத்தாள். கயிறு சுற்றிக்கொண்டது. துருப்பிடித்த போல்ட்டை இழுக்கிற இழுப்பு இழுத்தாள். மாஸ்டர் தடுமாறி அவள்மேல் வந்தார். எழுந்த வேகத்திலேயே வலக்கையை அவர் மூக்கில் விட்டாள். எலும்பு நொறுங்குவது விரல் முட்டியில் தெரிந்தது. அவர் கையைத் தூக்கினார். இரண்டாவது குத்து அந்தக் கையின் மேலேயே விழுந்து, கையையும் சேர்த்து முகத்தில் மோதியது. கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. முட்டி மடங்கியது. கை இரண்டும் தொங்கின.

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. அது ஜாக்கிக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே, மொத்த உடம்பையும் கொண்டுவந்து தாடையில் இறக்கினாள். மரக்கிளை ஒடிகிற சத்தம். மாஸ்டர் பெஞ்சின் முனையில் தலை இடிபட விழுந்தார்.

உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தாற்போல. பிறகுதான் பிள்ளைகள் அலறுவது காதில் விழுந்தது.

மாஸ்டரின் தொண்டையில் களகளவென்று ரத்தம். முகம் நீலம் பாய்ந்தது. ஜாக்கி பாய்ந்து அவரைப் பக்கவாட்டில் புரட்டி, தலையும் கழுத்தும் அசையாமல் ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!" என்று கத்தினாள். உடைந்த பல் ஒன்று நாக்குக்குப் பின்னால் தெரிந்தது. அவசரத்தில் மற்ற கையின் விரலை விட்டு வழித்தாள். பல் வெளியே வந்தது. மூச்சும் வந்தது. மூச்சு வந்ததும் மாஸ்டர் முதல் காரியமாக, ஒடிந்த தாடையோடு, அந்த விரலைக் கடித்தார். எலும்புவரை கடித்தார். ஜாக்கி விரலை இழுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில், புருவத்திலும் விரலிலும் தையலோடு நின்றவளை அண்ணன் வந்து பளாரென்று அறைந்தான். "அப்பாவை அடிச்சிட்டியேடி!" என்றவன், தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அண்ணி அவனையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள்.

"நல்ல குடும்பம்டா சாமி! ஒருத்தருக்குக்கூட வாயால பேசத் தெரியாதா? என் பிள்ளை இனிமே உங்க யார் கண்ணுலயும் பட வேணாம்," என்று சொல்லிவிட்டு, வாண்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். இடுப்பில் தூக்குகிற வயதைப் பிள்ளை எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.

போலீஸ் வந்து கேட்டபோது, கம்பி போட்ட தாடைக்குள்ளிருந்து மாஸ்டர் சொன்னது ஒரே வார்த்தை: "விழுந்துட்டேன்." பெண்ணிடம் அடிவாங்கினேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனால் கூடத்திலிருந்த பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கால்சட்டையை ஏற்றிப் பார்த்தார்கள். தாய்மார்கள் கூட்டமாக வந்து நின்ற அன்றே கிடங்குக்காரர் கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்.

இந்தச் சங்கதி பயிற்சியாளர் படிப்பு நடத்துகிறவர்கள் காதுக்கும் போனது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விசாரித்தார்கள். "தற்காப்புக்காக அடிச்சேன்னு சொன்னா எங்களால புரிஞ்சுக்க முடியும்," என்று டீச்சரே வழி எடுத்துக் கொடுத்தார்.

ஜாக்கி தலையை ஆட்டினாள். "முதல் குத்து அப்படித்தான் டீச்சர். ரெண்டாவதையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கலாம். மூணாவது எனக்காகக் குத்தினது. பிள்ளைங்க பார்த்துக்கிட்டிருந்தாங்க. நல்லாவும் இருந்துச்சு. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல."

ஒரு வருஷம் வகுப்புக்கு வரக்கூடாது, பிறகு வந்தாலும் பெரியவர்களுக்கு மட்டும்தான் பயிற்சி கொடுக்கலாம், பிள்ளைகள் விஷயம் பின்னால் பார்க்கலாம் என்று முடிவானது. அவள் மல்லுக்கு நிற்கவில்லை.

அப்பாவைப் பார்க்க ஒரே ஒரு தடவை போனாள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைத் தூக்கி எறிந்தார். தலையைச் சாய்த்தாள், டம்ளர் கதவில் பட்டு நசுங்கியது. அவள் கை தானாக இறுகியது. இறுகிய கையைப் பையில் விட்டுக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். அதன்பிறகு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது அண்ணன்தான். அங்கே எதுவும் பேசுவதில்லை, வைத்துவிட்டு வந்துவிடுகிறான்.

மழைக்காலம் கழிந்து ஒரு மாலை, அண்ணி டயர் கடை வாசலில் வந்து நின்றாள். பின்னால் வாண்டு.

"தூக்கத்துல கத்தறா. நீ அவளையும் அடிக்கிற மாதிரி கனவாம். நேர்ல பார்த்தா தெளியும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் கூட்டிட்டு வந்தேன்."

ஜாக்கி கையிலிருந்த லிவரைக் கீழே வைத்தாள். கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்குக் கோபம் வர்ற மாதிரி நான் ஏதாவது பண்ணா, இல்லை, உனக்குக் கோபம் வர்ற மாதிரி பண்ணா, என்னையும் அப்படி அடிப்பியா?"

"மாட்டேன்னு சொன்னா நம்புவியா?"

வாண்டு யோசித்தது. "தெரியல."

"சரி, நம்ப வேணாம். வந்து வந்து பார்த்துக்கோ."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மா நகர்ந்து வழி விட்டாள். அடுக்கிவைத்த டயர்களின்மேல் ஏறி, கடையின் அந்தக் கோடியில் வாண்டு உட்கார்ந்துகொண்டது. டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டது. ஆனாலும் இறங்கி ஓடவில்லை.

குத்துச்சண்டைக் கையுறையை வாண்டு அதற்கப்புறம் தொடவே இல்லை. நீச்சல், ஓட்டம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டது. ஜாக்கியும் கேட்கவில்லை. வருஷம் முடிந்ததும் அவள் மறுபடி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைகளில் எல்லாம் புது முகங்கள். கடிபட்ட விரல் மடங்காததால் பேனாவை மற்ற விரல்களால் பிடித்து எழுதப் பழகியிருந்தாள். எழுத்து முன்னைவிடக் கொஞ்சம் கோணல்.