ரவிக்கைத் துணி கொடுக்கிற லாட்ஜ்

எங்கள் மேல் புகார் எழுதிப்போட்டது பிரான்சிஸ்தான், வேறு யாராக இருக்க முடியும், எதிர்வீட்டு வாசலில் பல் துலக்குகிற சாக்கில் எங்கள் மாடியையே அண்ணாந்து பார்க்கிறானே, அது என்ன பார்வை, போன வருஷம் அவன் லேத் பட்டறைக்குப் பிளானிங் ஆபீசிலிருந்து ஆள் வந்து மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போனபோது நான்தான் பெட்டிஷன் போட்டேன் என்று மனசில் வைத்திருக்கிறான், சத்தியமாக நான் இல்லை, எனக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் மத்தியானத் தூக்கமே வராது... அவன் பெண்டாட்டி சூசைமேரி நேற்றுச் சிரித்துக்கொண்டே வந்து, "ஏனுங்கக்கா, ஆபீசுல இருந்து யாரோ வாராங்களாமா?" என்று கேட்டாளே, அவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. வெண்டைக்காய் நறுக்குகிற கை தானாக நறுக்கிக்கொண்டிருக்கிறது, புத்தி வீதியில் ஒவ்வொரு வாசற்படியாக ஏறி இறங்குகிறது. கேட்டவளே போட்டிருக்கலாம். போடாதவள் எதற்குக் கேட்கிறாள்?

பத்து மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறான் அந்தப் பிளானிங் ஆபீஸ் தம்பி, கிருபாசங்கராம் பெயர், போனில் மரியாதையாகத்தான் பேசினான், "உங்க வீதி குடியிருப்புப் பகுதிங்கம்மா, வீடு இருக்கலாம், மளிகைக்கடை இருக்கலாம், டெய்லர் கடை, டியூசன், சின்ன மோட்டார் வெச்ச பட்டறைகூட இருந்துக்கலாம், மாச வாடகைக்குப் புள்ளைங்க தங்கற ஹாஸ்டல்னா பெர்மிசன் கேட்டு எழுதிப்போடலாம், லாட்ஜ் மட்டும் ஆகாதுங்க, நீங்க லாட்ஜ் நடத்தறதா புகார் வந்திருக்குது" என்றான். லாட்ஜ்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருப்பது, போலீஸ் வந்து கதவைத் தட்டுவது, பக்கெட்டில் பெயின்ட்டால் நம்பர் எழுதியிருப்பது. என் வீடு லாட்ஜா? சாமி படம் மாட்டி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டு, வருகிறவர்களுக்கு நானே காப்பி ஆற்றிக் கொடுக்கிற வீடு... "எல்லாரும் ஒறம்பரை, சொந்தக்காரங்கதானுங்க தம்பி" என்றேன். "ஒறம்பரை எல்லா முகூர்த்தத்துக்கும் வருவாங்களாம்மா?" என்று கேட்டான், குரலில் கிண்டல் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆனால் ஒறம்பரை மாதிரித்தானே வைத்துக்கொண்டேன். மாடியில் இருக்கிற மூன்று ரூமும் மகன் அருண்குமாருக்கென்று கட்டியது, அவன் கனடாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறேன் வருகிறேன் என்கிறான், பூட்டியே கிடந்தது, பின்வீதிக் கல்யாண மண்டபத்தில் இடம் பற்றாமல் ஒரு தடவை கொடுமுடியிலிருந்து வந்த பெண்வீட்டார் திண்டாடிக்கொண்டு நின்றார்கள், பாவம், படுத்துவிட்டுப் போகட்டுமே என்று சாவியைக் கொடுத்தேன். அன்றைக்கு வீடு வீடாக இருந்தது, படி முழுக்கக் குழந்தைகள், ரூமெல்லாம் மல்லிகைப்பூ வாசம். காலையில் கிளம்பும்போது வெற்றிலைத் தட்டில் ஒரு கவரை வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் வாடகை எவ்வளவு என்று வாய் திறந்து கேட்பார்களா எங்கள் பக்கத்தில், அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, பெண்களுக்குக் குங்குமமும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் முகூர்த்தம் தவறியதில்லை. கவர் வாங்கினால் லாட்ஜ் என்றால் மொய் வாங்குகிற ஊரே லாட்ஜ்தான். ரவிக்கைத் துணி வைத்துக் கொடுக்கிற லாட்ஜ் இந்தக் கோயமுத்தூரில் எங்கேயாவது இருக்கிறதா, காட்டட்டும் பார்க்கலாம்.

மெயின் ரோட்டு ரவிக்குமாராகவும் இருக்கலாம்... நிஜமான லாட்ஜ் வைத்திருக்கிறவன், கல்யாணக் கூட்டம் அவனிடம் போகாமல் இங்கே வந்தால் வயிறு எரியாதா, கோயிலில் பார்த்தபோது "மேல இன்னும் ரெண்டு ரூம் எடுக்கறீங்களாமா அக்கா?" என்று விசாரித்தான், ஆமாம் அவன்தான்... இல்லை, அவன் கேட்டது ஆடியில், புகார் போனது தை முகூர்த்தத்துக்கு அப்புறம், அதுவரைக்கும் பொறுத்திருப்பானா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், மூட வேண்டாம், எந்த வாய் என்று தெரிந்தால் போதும். மாடியைப் பூட்டச் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? காசு கிடக்கட்டும். இந்த வீட்டில் நானும் அவரும்தான் மிஞ்சுவோம், அவர் பேப்பரும் என் டிவியும், சாப்பிடலாமா, சாப்பிடலாம், லைட்டை அணைக்கட்டுமா, அணை, அவ்வளவுதான், பம்புசெட் கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் பேசிய பேச்சையெல்லாம் ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். எனக்குப் பயம், அந்த அமைதி எனக்குப் பயம். காலையிலேயே அவரிடம் சொல்லிவைத்தேன், "ஏனுங்க, அந்தத் தம்பி என்ன கேட்டாலும் நீங்க வாயத் தொறக்க வேண்டாம், மாச வாடகைன்னு நான் சொல்லிக்கறனுங்க." "செரி அம்மணி" என்றார். எதற்கும் சரி என்கிற மனிதர், என் திருமூர்த்தி.

வந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே ஷூவைக் கழற்றுகிறான், நல்ல வளர்ப்பு, "வாங்க கண்ணு" என்றேன், எதிரில் சூசைமேரி இல்லாத தூசியைக் கூட்டுகிறாள், கூட்டட்டும். மாடிக்குப் போனான், மூன்று ரூமையும் பார்த்தான், அடுக்கி வைத்த பாய்களைப் பார்த்தான். கீழே வந்து காப்பியைக் குடித்துவிட்டு எங்கள் படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். "படி ஏற முடியாத பெரியவங்க வந்தா இந்த ரூமையும் குடுத்துப்போட்டு நீங்க ரெண்டு பேரும் சமையக்கட்டுல படுத்துக்குவீங்களாமா?" என்று கேட்டான். படுத்துக்குவீங்களா என்று கேட்கவில்லை, படுத்துக்குவீங்களாமா என்கிறான், யார் சொல்லி? பிரான்சிஸுக்கு மாடி தெரியும், சமையல்கட்டு தெரியாது. ரவிக்குமார் இந்தப் படியே ஏறியதில்லை. வந்து தங்கியவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று நாங்கள் பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்கிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்... "மாச வாடகைன்னா ஹாஸ்டலுங்கம்மா, அதுக்கு வழி இருக்குது. ஒருநாள் ரெண்டுநாள்னா லாட்ஜுன்னுதான் எழுதோணும், மாடியப் பூட்டச் சொல்லிப்போடுவாங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள், நாற்காலியில் இருந்தபடியே அவர் சொன்னார், "ஒருநாளைக்குத்தானுங்க. மாச வாடகைக்கு ஒருத்தரும் இல்லைங்க." அந்தத் தம்பி எழுதிக்கொண்டான். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர், அதனால்தான் சொல்லியிருப்பார், ஆபீசர் கேட்டதும் பதறி உண்மையைச் சொல்லியிருப்பார், அப்படித்தான் இருக்க வேண்டும்... தை முகூர்த்தத்துக் குளிரில் சமையல்கட்டுத் தரையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாரே, என்னங்க என்றதற்கு ஒன்றுமில்லை என்றாரே, நானும் சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டேனே. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, என்னிடம் சொல்லாததை எங்கே போய்ச் சொன்னார்? அந்தத் தம்பி ஷூவைப் போட்டுக்கொண்டு வாரேனுங்க என்கிறான், தலையை ஆட்டுகிறேன். அவன் போனதும் கேட்டுவிடலாம். இதோ நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.